கருவின் கடிகாரத்துக்கு ஏற்ப ஒரு கருத்தரங்கு

காவிரிப் படுகையில் உள்ள ஒரு கலை அறிவியல் கல்லூரியில் விலங்கியல் கற்பிக்கிறேன். ஒற்றைச் செல்லான கரு முழு உடலாக வளரும் விதத்தை ஆராயும் வளர்ச்சி உயிரியல் குறித்து ஊர் மக்களும் கேட்கும்படி ஒரு நாள் பொது விரிவுரையும் மாணவர் கருத்தரங்கும் நடத்துவதென்று எங்கள் துறை முடிவெடுத்தது. அந்த நாளுக்காக நாங்கள் செய்த ஏற்பாடுகளையும் அன்று நடந்தவற்றையும், இதே முயற்சியில் இறங்க விரும்பும் ஆசிரியர்களுக்கு உதவும் என்று எழுதுகிறேன். இத்துறையைப் பொதுமக்களிடம் கொண்டு செல்பவர்கள் பெரும்பாலும் முடிவுகளை மட்டுமே சொல்கிறார்கள். கரு வளர்வதைக் கண்ணால் காட்டி, ஒவ்வொரு முடிவையும் யார், எந்தச் சோதனையால் கண்டடைந்தார்கள் என்று சொன்னால், பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர்களும் முழுமையாகப் பின்தொடர்கிறார்கள். இதை அந்த ஒரு நாளில் உறுதியாகத் தெரிந்துகொண்டேன்.

தொடக்கத்தில் நல்ல முன்மாதிரிகளைத் தேடினோம். இத்துறையின் கருத்தரங்கு மரபு நீளமானது. அமெரிக்காவின் வளர்ச்சி உயிரியல் சங்கம் 1939இல் தொடங்கப்பட்டபோதே ஆண்டுக் கருத்தரங்கும் தொடங்கிவிட்டது. அதே நாட்டின் வுட்ஸ் ஹோல் கடல் உயிரியல் ஆய்வகத்தில் 1893 முதல் கருவியல் பயிற்சி வகுப்பு நடக்கிறது. ஆனால் அவையெல்லாம் துறைக்குள் இருப்பவர்களுக்கானவை. பொதுமக்களுக்காகப் பேசுவது எப்படி என்பதை லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் 1825இல் தொடங்கிய கிறிஸ்துமஸ் விரிவுரைகளிடமிருந்தே கற்றுக்கொள்ள முடிந்தது. அந்த மேடையில் உயிரியலாளர்களான லூயிஸ் வோல்பெர்ட் 1986இலும் ஆலிசன் வூலார்ட் 2013இலும் கருவளர்ச்சியைப் பற்றிப் பேசினார்கள். பேசப்படும் பொருள் மேடையிலேயே உயிரோடு இருக்க வேண்டும் என்பது அந்த மரபின் அடிப்படை. அதையே எங்கள் நாளுக்கும் விதியாக வைத்துக்கொண்டோம்.

எந்த உயிரியின் கருவைக் காட்டுவது என்பதில் துறைக்குள் நீண்ட விவாதம் நடந்தது. கோழிக்கரு எல்லோருக்கும் பழக்கமானது, ஆனால் அதைக் காட்ட ஓட்டைத் திறந்தாக வேண்டும். கூட்டத்தின் முன் அதைச் செய்ய எங்களில் யாருக்கும் மனம் வரவில்லை. தவளை முட்டை பருவத்தை நம்பியது. இறுதியில் ஜீப்ரா மீனைத் தேர்ந்தெடுத்தோம். கங்கைச் சமவெளியின் ஓடைகளில் வாழும் இந்தச் சிறு மீனை 1822இல் பிரான்சிஸ் ஹாமில்டன் விவரித்து எழுதினார். அமெரிக்காவின் ஓரிகன் பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் ஸ்ட்ரைசிங்கர் அதை ஆய்வக உயிரியாக வளர்த்தெடுத்து, 1981இல் வெளியிட்ட கட்டுரையின் மூலம் உலகின் கவனத்துக்குக் கொண்டுவந்தார். நம் நாட்டு ஓடைமீன் உலகெங்கும் உள்ள கருவியல் ஆய்வகங்களின் அடித்தளமாக ஆனதை நம் மாணவர்கள் அறிய வேண்டும் என்று எனக்கு மிகுந்த ஆசை. அதன் முட்டை தாயின் உடலுக்கு வெளியே வளர்கிறது, ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான அளவிலேயே கண்ணாடிபோல் தெளிவாக இருக்கிறது. எதையும் வெட்ட வேண்டியதில்லை, எந்த மருந்தும் இட வேண்டியதில்லை, பார்த்தாலே போதும். சென்னை கொளத்தூரின் அலங்கார மீன் கடைகளில் ஆணும் பெண்ணுமாகக் கேட்டு வாங்கி வந்தோம்.

மீனைத் தயார்படுத்தியதே இந்த ஏற்பாட்டின் மிகப் பெரிய பகுதி. தண்ணீரை ஏறக்குறைய 28 பாகை செல்சியஸில் வைத்திருக்க வேண்டும், ஏனெனில் கருவளர்ச்சியின் நிலைகளுக்கு நூல்களில் தரப்படும் மணிக்கணக்கு 28.5 பாகையை வைத்துக் கணக்கிடப்பட்டது. வெப்பம் குறைந்தால் கருவின் வேகமும் குறையும். எங்கள் ஊரில் ஆண்டின் பெரும்பகுதிக்கு இது கவலையில்லை. மார்கழி, தை இரவுகளில் மட்டும் தொட்டிக்கு ஹீட்டர் தேவைப்படுகிறது. நாளொன்றுக்கு 14 மணி நேரம் வெளிச்சம், 10 மணி நேரம் இருட்டு என்ற ஒழுங்கு தவறாமல் இருந்தால், விளக்கு எரிந்த சிறிது நேரத்தில் மீன்கள் முட்டையிடும். முதல் நாள் மாலையே ஆணையும் பெண்ணையும் ஒரே தொட்டியில் தடுப்பு வைத்துப் பிரித்துவிட்டு, காலையில் வெளிச்சம் வந்ததும் தடுப்பை எடுக்க வேண்டும். இட்ட முட்டையைத் தாமே தின்றுவிடும் பழக்கம் இம்மீன்களுக்கு உண்டு. அதனால் தொட்டியின் அடியில் கோலிக்குண்டுகளைப் பரப்பிவைத்தோம். முட்டைகள் இடுக்குகளில் விழுந்து தப்பித்துக்கொண்டன. கருவுறாத முட்டைகள் சில மணி நேரத்தில் வெண்மையாகக் கலங்கிவிடும். அவற்றை அவ்வப்போது சொட்டுக்குழாயால் நீக்காவிட்டால் பூஞ்சை பிடித்து மற்றவையும் கெட்டுவிடும். ஒரு மாணவிக்கு இந்தப் பொறுப்பைக் கொடுத்திருந்தோம். அன்றைய நிகழ்ச்சியை அவர் கைகளே காப்பாற்றின என்பேன்.

நிகழ்ச்சி நிரலைக் கருவின் கடிகாரத்துக்கு ஏற்பவே வகுத்தோம். கருவுற்ற முக்கால் மணி நேரத்தில் முதல் பிளவு நிகழ்ந்து இரண்டு செல்கள் தோன்றும். அதன்பின் ஏறக்குறைய கால் மணி நேரத்துக்கு ஒருமுறை நான்கு, எட்டு, பதினாறு என்று இரட்டிப்பாகி, மூன்று மணி நேரத்தில் ஆயிரம் செல் நிலையை அடையும். ஆறாவது மணி நேரத்தில் முதுகுப்புறம் எங்கே அமையும் என்பது கண்ணுக்கே புலப்படத் தொடங்கும். ஆகவே காலை 9 மணிக்கு முட்டை கிடைத்துவிட்டால், பத்து மணி அளவில் தொடங்கும் முதல் உரைக்கு இரண்டு, நான்கு செல் கருவும், நண்பகல் உரைக்கு ஆயிரம் செல் கருவும், பிற்பகல் 3 மணி உரைக்கு முதுகுப்புறம் தெரியும் கருவும் திரையில் இருக்கும். ஒரே தொட்டியை நம்பாமல் சில தொட்டிகளைக் கறுப்புத் துணியால் மூடி, அரை மணி நேர இடைவெளியில் ஒவ்வொன்றாக வெளிச்சம் காட்டினோம். ஒன்றில் முட்டை தவறினாலும் அடுத்தது கைகொடுத்தது. முந்தைய நாள் முட்டைகளைத் தனியாக எடுத்து வைத்திருந்தோம். 24 மணி நேரத்தைக் கடந்த கருவில் இதயம் துடிப்பதைக் காட்ட அவை தேவைப்பட்டன. அரங்கத்தில் ப்ரொஜெக்டரோடு இணைக்க, கேமரா பொருத்திய நுண்ணோக்கியை அண்டைக் கல்லூரியிலிருந்து இரவல் வாங்கினோம். எல்இடி விளக்கு உள்ள நுண்ணோக்கியாகப் பார்த்துக் கேட்பது நல்லது. பழைய வகை விளக்கின் சூடு தட்டில் உள்ள நீரை விரைவில் வற்றவைத்துவிடும்.

பேசுபவர்களுக்கு ஒரே ஒரு கட்டுப்பாடு விதித்தோம்: ஓர் உரையில் ஒரு கேள்வி, அதற்கு விடை தேடிய சோதனை, அவ்வளவுதான். மாணவர்கள் முதலில் பாடநூலின் அத்தியாயத்தையே சுருக்கிக் கொண்டுவந்தார்கள். ஒத்திகைகளில் உயிரியல் படிக்காத வணிகவியல் மாணவர்களை முன்வரிசையில் உட்காரவைத்து, புரியாத இடத்தில் கையை உயர்த்தச் சொன்னோம். அதன்பிறகு உரைகள் உருமாறின. சிறப்புரைக்கு, எங்கள் மாவட்டத்தைச் சேர்ந்த, இப்போது பெங்களூரில் ஆய்வு செய்யும் ஓர் ஆராய்ச்சியாளரை அழைத்தோம். அழைப்புக் கடிதத்திலேயே கேட்போர் யார், அவர்கள் எவ்வளவு படித்தவர்கள், எந்த நேரத்தில் எந்தக் கரு திரையில் இருக்கும் என்பதையெல்லாம் விரிவாக எழுதினோம். இப்படி விவரமாக எழுதப்பட்ட கடிதத்தால்தான் உடனே ஒப்புக்கொண்டதாக அவர் பின்னர் சொன்னார்.

முதல் உரை தொடங்கியபோது திரையில் இரண்டு செல்கள் நான்காகிக்கொண்டிருந்தன. அதை வைத்தே மாணவர் கேள்வியை எழுப்பினார்: இரண்டு செல் நிலையில் ஒன்றை அழித்துவிட்டால், மற்றது பாதி உடலாகுமா, முழு உடலாகுமா? கை உயர்த்தச் சொன்னபோது பெரும்பாலோர் பாதி என்றார்கள். 1888இல் வில்ஹெல்ம் ரூ, தவளைக் கருவின் இரண்டு செல்களில் ஒன்றைச் சூடான ஊசியால் குத்திக் கொன்றபோது அவருக்குக் கிடைத்ததும் பாதிக் கருதான். சில ஆண்டுகளில் ஹான்ஸ் டிரீஷ், கடல் முள்ளெலி என்ற முள் நிறைந்த கடலுயிரியின் கருவைக் குலுக்கி இரண்டு செல்களையும் தனித்தனியாகப் பிரித்தார். ஒவ்வொன்றும் சிறியதாக, ஆனால் முழுமையான இளவுயிரியாக வளர்ந்தது. இருவருமே கண்டதைத்தான் சொன்னார்கள். ரூவின் சோதனையில் இறந்த செல் ஒட்டிக்கொண்டே இருந்ததால், உயிருள்ள செல் தன்னைத் தனித்திருப்பதாக உணரவில்லை. அரங்கத்தில் எழுந்த சலசலப்பு அடங்க நேரமாயிற்று. ஒரு செல் தன் அக்கம்பக்கத்தை அறிந்தே தன் வழியைத் தீர்மானிக்கிறது என்ற கருத்தை நான் வகுப்பில் பலமுறை சொல்லியிருக்கிறேன். அது இவ்வளவு ஆழமாகப் பதிந்ததை இதற்குமுன் கண்டதில்லை.

நண்பகலில் ஆராய்ச்சியாளர் பேசினார். அதுவரை நடந்த அத்தனை பிளவுகளும் முட்டைக்குள் தாய் சேமித்து வைத்த செய்திகளைக் கொண்டே நடந்தவை என்றும், ஆயிரம் செல் நிலையை ஒட்டித்தான் கருவின் சொந்த மரபணுக்கள் பெருமளவில் இயங்கத் தொடங்குகின்றன என்றும் விளக்கினார். பிளவுகளின் தாளம் மெதுவாகி, செல்கள் ஒன்றுக்கொன்று வேறுபட்ட வேகத்தில் பிரிவதைத் திரையில் காட்ட முடிந்தது. உணவு இடைவேளையில் ஆசிரியர்களும் மாணவர்களும் வெளியே போகாமல் திரையின் முன் நின்றுகொண்டிருந்தார்கள். அப்போது செல்களின் அடுக்கு, உருண்டையின் மேல் துணியை இழுத்துப் போர்த்துவதுபோல, மஞ்சள்கருவின் மேல் கீழிறங்கிக்கொண்டிருந்தது.

பிற்பகல் 3 மணி உரை ஹில்டே மங்கோல்டுக்கு உரியது. ஜெர்மனியின் ஃப்ரைபர்கில் ஹான்ஸ் ஸ்பீமனின் மாணவியாக இருந்த அவர், ஒரு நீர்ப்பல்லி இனத்தின் கருவிலிருந்து முதுகுப்புறத்தின் ஒரு சிறு துணுக்கை எடுத்து, நிறம் வேறுபட்ட இன்னோர் இனக் கருவின் வயிற்றுப்புறத்தில் பொருத்தினார். அங்கே இரண்டாவது உடலச்சு, அதாவது தலை முதல் வால் வரையிலான இன்னொரு உடலின் நடு அமைப்பு, உருவாயிற்று. நிற வேறுபாட்டை வைத்துப் பார்த்தபோது, மூளையும் தண்டுவடமுமாக ஆகும் அதன் நரம்புக்குழலின் பெரும்பகுதி ஏற்றுக்கொண்ட கருவின் செல்களால் ஆனது என்று தெரிந்தது. அதாவது அந்தத் துணுக்கு தானே முழு உடலாக மாறிவிடாமல், அக்கம்பக்கத்துச் செல்களை வழிநடத்தியிருக்கிறது. ஆர்கனைசர் என்று பெயர் பெற்ற அந்தப் பகுதிக்கு இணையான தடிப்பு அப்போது எங்கள் திரையில் மீன்கருவின் ஓரத்தில் தெரிந்தது. அதைச் சுட்டுக்கோலால் காட்டியபடி மாணவி பேசினார். கட்டுரை வெளியான 1924ஆம் ஆண்டிலேயே ஹில்டே வீட்டில் நேர்ந்த தீ விபத்தில் இறந்துபோனார், 1935இல் நோபல் பரிசு ஸ்பீமனுக்குக் கிடைத்தது. அதைச் சொன்னபோது மாணவியின் குரல் தழுதழுத்தது. அறிவியல் கருத்தரங்கில் அதற்கும் இடம் உண்டு என்று நான் நினைக்கிறேன்.

கேள்வி நேரத்துக்கு உரைகளுக்கு ஒதுக்கியதைவிட அதிக நேரம் ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான பரிந்துரை. மாணவர் ஒருவரின் பாட்டி எழுந்து, "ஏம்மா, கிரகணத்தன்னிக்கு வெளிய வந்தா பிள்ளைக்கு உதடு பிளந்துரும்னு எங்களை ரூமுக்குள்ளயே அடைச்சு வைப்பாங்க. அது இதுல எங்கம்மா வருது?" என்று கேட்டார். அந்தக் கேள்வியைக் கைதட்டி வரவேற்றேன். முகத்தின் இரு பக்கத்திலிருந்தும் மடல்கள் வளர்ந்து வந்து நடுவில் இணைவதால்தான் மேலுதடு உருவாகிறது. ஏறக்குறைய ஏழாம் வாரத்துக்குள் அது முடிந்துவிடும். பரம்பரைக் காரணங்களாலும் சில மருந்துகள், புகைபிடித்தல் போன்றவற்றாலும் அந்த இணைப்பு தடைபடலாம், கிரகணத்துக்கு அதில் பங்கில்லை. வயிறு தெரியும் மாதங்களில் தாயை அறைக்குள் அடைப்பதால் உதட்டுக்கு எந்தப் பாதுகாப்பும் இல்லை, ஏனெனில் அதற்கு வெகு முன்பே உதடு உருவாகிவிட்டது. இதையே தொடர்ந்து ஆராய்ச்சியாளர் நரம்புக்குழலைப் பற்றிப் பேசினார். அது நான்காம் வார இறுதிக்குள் மூடிக்கொள்கிறது. ஃபோலிக் அமிலம் அதன் குறைபாடுகளைத் தடுக்கிறது என்பது 1991இல் வெளியான பெரிய ஆய்வொன்றால் உறுதியானது. ஆனால் கருவுற்றது தெரிந்தபின் மாத்திரையைத் தொடங்குவது பலருக்குக் காலங்கடந்த செயலாகிவிடுகிறது. அங்கிருந்த இளம்பெண்கள் பலர் இதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்கள். ஆண் பிள்ளைக்கு என்ன சாப்பிட வேண்டும் என்ற கேள்வியும் வந்தது. பாலினம் விந்தணுவால் கருவுறும் கணத்திலேயே தீர்மானிக்கப்படுகிறது, தாயின் உணவுக்கு அதில் பங்கில்லை என்று தெளிவாகவே சொன்னோம்.

செலவு அதிகமில்லை. மீன், தொட்டிகள், சிறப்பு விருந்தினரின் பயணம், மதிய உணவு ஆகியவற்றோடு முடிந்துவிட்டது.

அடுத்த கருத்தரங்குக்குக் கோழியின் சிறகை எடுத்துக்கொள்வதென்று இப்போதே பேசி வருகிறோம். வளரும் சிறகின் பின்னோரத்துத் திசுவை முன்னோரத்தில் பொருத்தினால் விரல்கள் கண்ணாடி பிம்பமாக இரட்டிப்பாவதை 1968இல் சாண்டர்ஸும் காஸ்லிங்கும் காட்டினார்கள். ஒரு செல் தான் இருக்கும் இடத்தை அறிந்தே என்னவாக வளர்வது என்று தீர்மானிக்கிறது என்னும் வோல்பெர்ட்டின் இடத்தகவல் கோட்பாட்டை விளக்க இதைவிட நல்ல சோதனை எனக்குத் தெரியவில்லை. ஓட்டைத் திறக்காமல் காட்ட ஒரு வழியும் இருக்கிறது. எங்கள் ஊர்ப் பெண்கள் அடை வைத்த முட்டையை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, கரு பிடித்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். நான்கைந்து நாளில் ரத்த நாளங்கள் படர்ந்திருப்பது அப்படியே தெரியும். அதைப் பெரிய திரையில் தெளிவாகக் காட்டக்கூடிய விளக்கு அமைப்பை இயற்பியல் துறையினர் செய்து தருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.