ஜிஎஸ்டி மாற்றமும் மூன்று ஜிரா ப்ராஜெக்ட்களும்

கடைகளுக்கு பில்லிங் மென்பொருள் செய்து தரும் நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். 2025 செப்டம்பர் 3 அன்று ஜிஎஸ்டி கவுன்சில் 12, 28 சதவீத அடுக்குகளை எடுத்துவிட்டு, பெரும்பாலான பொருள்களை 5, 18 சதவீதத்துக்குள் கொண்டுவரும் முடிவை அறிவித்தது. செப்டம்பர் 22 முதல் அமல். எங்களிடம் வரி விகித டேபிள் பில்லிங் டீமுடையது, கடைக்காரர் கையில் இருக்கும் ஆப் மொபைல் டீமுடையது, விற்பனை விவரங்களை வரித்துறைக்குத் தாக்கல் செய்யும் ஜிஎஸ்டிஆர்-1 அறிக்கை ரிப்போர்ட்ஸ் டீமுடையது. வேலைகளைப் பதிந்து பின்தொடர நாங்கள் பயன்படுத்தும் ஜிரா மென்பொருளில் மூன்றும் தனித்தனி ப்ராஜெக்ட். இந்த வேலைகளை ஒரே இடத்தில் பார்க்கும்படி செய்யும் பொறுப்பு எனக்கு வந்தது.

எல்லோரும் உடனே சொன்னது லேபிள், அதாவது வேலையின் மேல் ஒட்டும் அடையாளச் சொல். காம்பொனென்ட் (ப்ராஜெக்டின் உட்பிரிவு), ஃபிக்ஸ் வெர்ஷன் (எந்த வெளியீட்டில் வரும் என்ற குறிப்பு) எல்லாம் அந்தந்த ப்ராஜெக்டோடு நின்றுவிடும். லேபிள்தான் எல்லாவற்றுக்கும் பொது. ஆனால் யார் எதைத் தட்டினாலும் அது புது லேபிளாகிவிடும். பெரிய எழுத்து, சின்ன எழுத்து, நடுவில் கோடு, அடிக்கோடு என்று ஒரே விஷயத்துக்குப் பல லேபிள்கள் முளைத்தன. தேட உதவும், நம்ப முடியாது.

அப்புறம் பில்லிங் ப்ராஜெக்டில் ஒரு எபிக் (பல வேலைகளைத் தன் கீழ் சேர்க்கும் பெரிய தலைப்பு) திறந்து, ரிப்போர்ட்ஸ் டீமின் வேலைகளை அதன் கீழ் கொண்டுவந்தேன். மொபைல் டீம் மறுத்தது. அவர்களுடைய வேலைகள் ஏற்கெனவே அவர்களின் ரிலீஸ் எபிக்கின் கீழ் இருந்தன. ஒரு வேலைக்கு ஒரு பேரண்ட்தான் இருக்க முடியும். அவர்கள் சொன்னது நியாயம்தான். அதனால் அந்த வேலைகளை இடம் மாற்றாமல், எங்கள் எபிக்கோடு லிங்க் மட்டும் கொடுத்தோம். எபிக்கின் கீழ் உள்ளவை, எபிக்கோடு லிங்க் ஆனவை, இரண்டையும் ஜிராவின் தேடல் மொழியான ஜேக்யூஎல்லில் ஒரே ஃபில்டரில் (சேமித்து வைக்கும் தேடல்) எடுத்துவிடலாம். லிங்க் ஆனவற்றை எடுக்கவே லிங்க்டு இஷ்யூஸ் என்ற ஃபங்ஷன் இருக்கிறது.

அந்த ஃபில்டரை வைத்து ஒரு போர்டு (வேலைகளை நிலைவாரியாக நெடுவரிசைகளில் காட்டும் பக்கம்) போட்டேன். சில டிக்கெட்டுகளை, அதாவது ஜிராவில் பதிந்த வேலைகளைக் காணவில்லை! ஒவ்வொரு டீமும் தனக்கென்று ஸ்டேட்டஸ் பெயர்கள் வைத்திருக்கிறது. போர்டின் எந்த நெடுவரிசையிலும் சேர்க்காத ஸ்டேட்டஸில் இருக்கும் டிக்கெட் போர்டில் தெரியாது. எல்லாவற்றையும் மேப் செய்த பிறகு வந்தன. அக்கவுண்ட்ஸ் அண்ணனுக்கு ஃபில்டரை ஷேர் செய்தும் பாதிதான் தெரிந்தது, ஏனென்றால் ஃபில்டரைப் பகிர்வது வேறு, ப்ராஜெக்டைப் பார்க்கும் அனுமதி வேறு. அதை அட்மினிடம் கேட்டுத்தான் வாங்க வேண்டும்.

ஆனால் இத்தனையும் ஒரு பட்டியல்தான். உண்மையில் கை கொடுத்தது 'பிளாக்ஸ்' லிங்க், அதாவது இந்த வேலை முடியாமல் அந்த வேலை நகராது என்று குறிக்கும் இணைப்பு. விகித டேபிளில் அமல் தேதிக்கு ஒரு நெடுவரிசை சேர்த்தால்தான் ஆப் பில் தேதியைப் பார்த்து விகிதம் எடுக்கும். செப்டம்பர் மாத அறிக்கையில் ஒரே ஹெச்எஸ்என்னுக்கு (பொருளின் வகைக் குறியீடு) இரண்டு விகிதம் வரும். அதற்கும் அந்த நெடுவரிசை வேண்டும். யார் யாருக்காகக் காத்திருக்கிறார்கள் என்பதை லிங்க்காகப் போட்டதும், காலைக் கூட்டத்தில் பேச வேண்டியது அந்த நெடுவரிசைக்கான ஒரு டிக்கெட்டைப் பற்றித்தான் என்று தெரிந்துவிட்டது. ஒரு எச்சரிக்கை: பிளாக்ஸ் லிங்க் தானாக யாரையும் தடுக்காது. முன்வேலை முடியாமலே அடுத்ததை க்ளோஸ் செய்யலாம், ஜிரா கேட்காது. அதைக் கண்ணில் காட்ட தனியாக இன்னொரு ஃபில்டர் வைத்துக்கொண்டோம்.

22க்குப் பிறகும் எபிக்கை மூடவில்லை. பழைய விகிதத்தில் விற்ற சரக்கு திரும்பி வந்தால் கிரெடிட் நோட் (பில் தொகையைக் குறைத்துத் தரும் சீட்டு) பழைய விகிதத்தில்தான் போட வேண்டும். அந்த ரிட்டர்ன் டிக்கெட்டுகள் மட்டும் அதன் கீழ் தொடர்ந்தன.