பாக்கு, மிளகு, வனஸ்பதி: இரு நாட்டு வணிகக் கணக்கை ஒப்பிடுவது எப்படி

இந்தியா–இலங்கை வணிகம் பற்றி ஆய்வேடு எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில் தடுக்கி விழுகிறார்கள். இந்தியாவுக்கு இவ்வளவு மிளகு அனுப்பினோம் என்று இலங்கை ஓர் எண்ணைத் தருகிறது. இலங்கையிலிருந்து வந்தது என்று இந்தியா பதிவு செய்திருப்பது வேறோர் எண். உடனே வித்தியாசம் முழுவதையும் கள்ளக் கணக்கு என்று எழுதிவிடுகிறார்கள். அதில் ஒரு பங்கு கணக்கெழுதும் முறையால் வருவது. அந்தச் சலிப்பூட்டும் பகுதியை ஒவ்வொன்றாகக் கழித்த பிறகு மிஞ்சுவதை வைத்துத்தான் எதையும் வாதிட முடியும்.

தரவுக்கு ஐ.நா.வின் வணிகத் தரவுத்தளமான காம்ட்ரேட் போதும். 1962 முதல் ஆண்டுத் தரவு இருக்கிறது, இலவசக் கணக்கே பெரும்பாலான ஆய்வுகளுக்குத் தாங்கும். நிரல் எழுதித் தரவு இறக்குபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: காம்ட்ரேட்டில் இந்தியாவின் எண் 699. ஐ.எஸ்.ஓ.வின் நாட்டு எண் பட்டியலைப் பார்த்து 356 என்று கொடுத்தால் அது 1974 வரையிலான, சிக்கிம் சேராத இந்தியா. விடை காலியாக வரும், ‘தரவு இல்லை’ என்று முடிவுகட்டத் தோன்றும். அமெரிக்காவுக்கும் இதே தொல்லை: 840 அல்ல, 842. இலங்கைக்கு 144, அதில் சிக்கல் இல்லை.

அடுத்து ஆண்டு. இந்திய வணிக அமைச்சகத்தின் தரவு வங்கி ஏப்ரல்–மார்ச் நிதியாண்டில் பேசுகிறது, இலங்கை ஜனவரி–டிசம்பரில். ஒன்றை எக்செல்லின் ஒரு பத்தியிலும் மற்றதைப் பக்கத்திலும் ஒட்டிவிட்டு ஒப்பிட்டால், மிளகு போன்ற பருவப் பயிரில் வரும் வித்தியாசத்துக்கு அர்த்தமே கிடையாது. மாதத் தரவை எடுத்து நீங்களே கூட்டுங்கள். அப்போதும் டிசம்பர் கடைசியில் கொழும்பில் ஏறிய சரக்கு ஜனவரியில்தான் இந்தியக் கணக்கில் விழும். கடல்வழி குறுகியது என்பதால் இது சிறிய பிழைதான். மூன்றாண்டு சராசரி எடுத்தால் பெரும்பாலும் அடங்கிவிடும்.

ஆளைக் கவிழ்ப்பது எச்.எஸ். குறியீடு, அதாவது சுங்கத்தில் ஒவ்வொரு சரக்குக்கும் தரும் எண். முதல் ஆறு இலக்கம் உலகம் முழுவதற்கும் பொது, அதற்குப் பின்னால் வருவது அந்தந்த நாட்டின் சொந்த விருப்பம். ஆகவே ஒப்பீடு ஆறு இலக்கத்தைத் தாண்டக் கூடாது. அந்த ஆறும் நிலையானவை அல்ல. 1988இல் நடைமுறைக்கு வந்த இந்த முறை 1996, 2002, 2007, 2012, 2017, 2022 ஆகிய ஆண்டுகளில் திருத்தப்பட்டிருக்கிறது. பாக்கை எடுத்துக்கொள்ளுங்கள். 2012 திருத்தத்தில்தான் அதற்கு 0802 80 என்ற தனி எண் கிடைத்தது. அதற்கு முன் ‘மற்ற கொட்டைகள்’ என்ற 0802 90க்குள் கிடந்தது. 0802 80ஐ மட்டும் தேடுகிறவருக்கு 2012இல் திடீரென்று பாக்கு வணிகம் பிறந்தது போலத் தெரியும். அதற்கு ஒரு கொள்கைக் காரணத்தையும் கண்டுபிடித்து எழுதிவிடலாம், ஆபத்து அங்கேதான். நீண்ட காலத் தொடர் வேண்டுமென்றால் இரண்டு எண்களையும் கூட்டி ஒரே தொகுப்பாக வையுங்கள். துல்லியம் குறையும், ஆனால் பொய்யான ஏற்றம் இருக்காது.

விலை. ஏற்றுமதி பொதுவாக எஃப்.ஓ.பி. மதிப்பில், அதாவது கப்பலில் ஏற்றும் வரையிலான விலையில் பதிவாகிறது. இறக்குமதி சி.ஐ.எஃப். மதிப்பில், சரக்குக் கட்டணமும் காப்பீடும் சேர்ந்து வருகிறது. பன்னாட்டு நாணய நிதியம் நெடுங்காலம் இந்த இடைவெளியைப் பத்து விழுக்காடு என்று வைத்துக் கணக்கிட்டது, பிறகு ஆறாகக் குறைத்தது. கொழும்பு–தூத்துக்குடி போன்ற குறுகிய வழிக்கு ஆறே தாராளம்தான், ஆனால் பாக்கு போல மலிவான, இடம் அடைக்கும் சரக்கில் கட்டணத்தின் பங்கு கூடும். உதாரணமாக, ஏற்றுமதி 100 என்றும் இறக்குமதி 107 என்றும் இருந்தால் அங்கே பேச ஒன்றுமில்லை. 140 என்றாலோ 70 என்றாலோ மேலே போகலாம். இறக்குமதி ஏற்றுமதியைவிடக் குறைவாக இருப்பதைச் சரக்குக் கட்டணத்தால் விளக்கவே முடியாது என்பதை நினைவில் வையுங்கள்.

மேலே போவது என்றால் எடையைப் பார்ப்பது. பணமும் எடையும் ஒரே அளவில் விலகினால் சரக்கே பதிவாகவில்லை, அல்லது வேறு நாட்டின் பெயரில் பதிவாகியிருக்கிறது. எடை பொருந்திப் பணம் மட்டும் விலகினால் விலையில்தான் விளையாட்டு. காம்ட்ரேட்டில் நிகர எடை சில இடங்களில் நாடு தந்ததல்ல, ஐ.நா. மதிப்பிட்டது. அதைக் காட்ட ஒரு தனிப் பத்தி உண்டு. மதிப்பிட்ட எடை பணத்திலிருந்தே கணக்கிடப்பட்டிருக்கலாம் என்பதால் அந்த வரிகளை வைத்துக் கிலோ விலை பார்ப்பது வீண்.

கிலோ விலை ஏன் முக்கியம் என்பதற்கு மிளகு நல்ல சாட்சி. 2017 டிசம்பரில் இந்தியா மிளகுக்குக் கிலோவுக்கு 500 ரூபாய் என்று குறைந்தபட்ச இறக்குமதி விலை நிர்ணயித்தது. 2018 மார்ச்சில் அதற்குக் கீழான இறக்குமதியைத் தடையே செய்தது. இப்படி ஒரு தளம் போட்டவுடன், உண்மை விலை குறைவாக இருந்தாலும் பில்லில் 500க்கு மேல் எழுத ஆசை வரும். ஆகவே 2017க்கு முன்னும் பின்னும் இந்தியப் பக்கத்துக் கிலோ விலையை வரையுங்கள், இலங்கைப் பக்கத்து விலையை அதன்மேல் வரையுங்கள். இந்தியக் கோடு 500ஐ ஒட்டிக்கொண்டு, இலங்கைக் கோடு சந்தை விலையோடு இறங்கினால் உங்களிடம் ஒரு வாதம் இருக்கிறது. பாக்குக்கும் இப்படி ஒரு தள விலை உண்டு, 2023இல் அது கிலோவுக்கு 351 ரூபாயாக உயர்ந்தது.

சரக்கின் பிறப்பிடத்தைச் சோதிக்க மூன்றாவது நாடு தேவைப்படும். பாக்குக்கு இந்தியாவின் பொது வரி 100 விழுக்காடு. இலங்கைப் பொருளுக்கு இரு நாட்டுத் தடையற்ற வணிக ஒப்பந்தத்தின்படி சலுகை உண்டு. இந்த இடைவெளி இருக்கும்வரை வேறு நாட்டுப் பாக்கு இலங்கைச் சான்றிதழோடு வர முயலும். இந்தோனேசியா இலங்கைக்கு அனுப்பியதாகச் சொல்லும் பாக்கு எவ்வளவு, இலங்கை இந்தியாவுக்கு அனுப்பியது எவ்வளவு, இலங்கையின் சொந்த விளைச்சல் எவ்வளவு என்று மூன்றையும் ஒரே அலகில், டன்னில், வையுங்கள். இலங்கையின் இறக்குமதிப் பதிவை மட்டும் நம்ப வேண்டாம். சுங்கக் கிடங்கில் இறங்கி மூட்டை மாறிப் போகும் சரக்கு அங்கே தெரியாமல் போகலாம், அனுப்பிய நாட்டின் ஏற்றுமதிக் கணக்கில் இருக்கும்.

எல்லா விநோதமும் மோசடி அல்ல என்பதற்கு வனஸ்பதி. இந்தியா–இலங்கை தடையற்ற வணிக ஒப்பந்தம் 1998 டிசம்பரில் கையெழுத்தாகி 2000 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. சலுகைக்கு 35 விழுக்காடு உள்நாட்டு மதிப்புச் சேர்க்கை வேண்டும், மூலப்பொருளுக்கும் ஆக்கிய பொருளுக்கும் எச்.எஸ். எண்ணின் முதல் நான்கு இலக்கமான தலைப்பும் மாற வேண்டும். இந்தியாவில் பாமாயிலுக்கு வரி உயர்வு, இலங்கையில் குறைவு. பாமாயில் 1511, அதிலிருந்து செய்யும் வனஸ்பதி 1516: தலைப்பு மாறிவிட்டது. இந்திய முதலீட்டாளர்களே இலங்கைக்குப் போய் ஆலை போட்டார்கள். செம்பிலும் அதே கதை, பழைய செம்பு 7404, சுத்திகரித்தது 7403. 2000இல் ஆறு கோடி டாலரைக்கூட எட்டாத இலங்கையின் இந்திய ஏற்றுமதி, 2005இல் 55 கோடியைத் தாண்டியதற்கு இந்த இரண்டும் பெரிய காரணம். இந்தியா வனஸ்பதிக்கு ஆண்டுக்கு 2,50,000 டன் என்று உச்சவரம்பு வைத்தது, தன் பாமாயில் வரியையும் பின்னால் குறைத்தது, ஆலைகளுக்கு வேலை போனது. இங்கே இரு நாட்டு எண்களும் ஓரளவு பொருந்தியே வந்தாலும் வியப்பில்லை, சரக்கு உண்மையாகவே கடல் கடந்ததல்லவா. வரி அட்டவணையைப் பக்கத்தில் வைக்காமல் தரவை மட்டும் பார்க்கிறவர் இதை ஒப்பந்தத்தின் மாபெரும் வெற்றி என்று எழுதிவிட வாய்ப்புண்டு.

இந்த முறைக்கு அகப்படாதது குருவி வணிகம். பயணிப் பெட்டியில் போகும் சேலையும் மசாலாவும் மதுப் புட்டியும் இரு நாட்டுக் கணக்கிலும் ஏறுவதில்லை. இரண்டிலும் இல்லாததை ஒன்றோடொன்று ஒப்பிட்டுக் கண்டுபிடிக்க முடியாது. அதற்குக் கொழும்பின் புறக்கோட்டைக் கடையின் சில்லறை விலையையும் சென்னை மொத்த விலையையும் ஒரே வாரத்தில் எடுத்து, வரியையும் விமானக் கட்டணத்தின் பங்கையும் கழித்துப் பார்க்கும் வேறு வேலை செய்ய வேண்டும்.