பின்பக்கத்துக் கணக்கு

பள்ளிக்கூடம் போகும் மகன் கையில் ஒரு நாளைக்கு நாற்பது ரூபாய். இந்த எண்ணுக்கு வந்து சேர எங்கள் வீட்டில் பாதி ஜூன் மாதம் ஆனது. வந்து சேர்ந்த எண் மூன்றரை வாரம்கூடத் தாங்கவில்லை.

மகன் இந்த வருஷம் ஆறாம் வகுப்பு. ஐந்தாவது வரை பள்ளத்தூரில், வீட்டுக்குக் கூப்பிடு தூரத்தில் இருக்கும் அரசுப் பள்ளிக்கூடத்தில் படித்தான். 2023 ஆகஸ்டில் காலை உணவுத் திட்டம் மாநிலம் முழுக்க அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு வந்தபோது அவன் நான்காவது. அதனால் இரண்டு வருஷம் காலைச் சாப்பாட்டுக் கவலை எனக்கு இல்லை. பொங்கலோ கிச்சடியோ அங்கேயே முடிந்துவிடும். அந்தத் திட்டம் ஐந்தாவதோடு சரி. இப்போது காரைக்குடியில் ஒரு உதவி பெறும் பள்ளியில் சேர்த்திருக்கிறேன். ஏழே முக்கால் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். ஏழு மணிக்கு இட்லியை வைத்தால் ஒன்றரை இட்லி உள்ளே போகும், மீதி தட்டிலேயே கிடக்கும். அப்புறம் மதியம் வரை வயிறு காய்கிறது.

மதியத்துக்கு ஏன் கட்டிக் கொடுக்கக் கூடாது என்று கேட்பீர்கள். கட்டிக் கொடுத்தேன். முதல் இரண்டு வாரம் புளிச்சோறு, தேங்காய்ச் சோறு, உருளைக்கிழங்கு வறுவல். பாதி டப்பா திரும்பி வந்தது. "எல்லாரும் வெளிய வாங்குறாங்கம்மா" என்றான். எல்லாரும் என்றால் எத்தனை பேர் என்று கேட்டேன். நாலு பேராம்.

பள்ளியில் சத்துணவு உண்டு. அரசுப் பள்ளி, உதவி பெறும் பள்ளி இரண்டிலும் பத்தாவது வரைக்கும் உண்டு. எம்.ஜி.ஆர். 1982-ல் தொடங்கியது, இரண்டு வருஷத்தில் பத்தாவது வரை நீண்டது. நானே அந்தச் சோற்றில் வளர்ந்தவள்தான். அலுமினியத் தட்டைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நின்றிருக்கிறேன். எங்கள் காலத்தில் முட்டை இரண்டு வாரத்துக்கு ஒன்று. முட்டை நாளில் யாரும் லீவு போட மாட்டோம், காய்ச்சல் வந்தாலும் போவோம். இப்போது பள்ளிக்கூடம் இருக்கிற நாளெல்லாம் முட்டை, அதுவும் மிளகு முட்டை, மசாலா முட்டை என்று. இவனிடம் சொன்னால், "அந்த வரிசையில எங்க கிளாஸ் பயலுக யாரும் நிக்கிறதில்ல" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டான். பெயரை மட்டும் கொடுத்து வைத்தேன். பிள்ளையைக் கழுத்தைப் பிடித்து வரிசையில் தள்ள மனம் வரவில்லை.

சரி, காசுதான் என்று முடிவானது. எவ்வளவு?

எங்க வீட்டுக்காரர் சிங்கப்பூரில் இருக்கிறார். போனில் கேட்டால், "நூறு கொடு, ஒன்றரை டாலர்தானே" என்றார். அங்கே உட்கார்ந்து பார்க்கிறவருக்கு எல்லாம் டாலரில்தான் தெரியும். அப்பா எதிர்க்கோடிக்குப் போனார்: "பத்து ரூவா போதும். நாங்க எல்லாம் என்ன காசா கொண்டுபோனோம்?" அப்பா கானாடுகாத்தானில் ஒரு செட்டியார் வீட்டில் நாற்பது வருஷம் கணக்கப்பிள்ளையாக இருந்தவர். பேரேட்டில் ஒரு பைசா இடித்தால் ராத்திரித் தூக்கம் போய்விடும் அவருக்கு. எனக்கும் அந்த வியாதி கொஞ்சம் உண்டு. செக்காலை ரோட்டில் ஒரு இரும்புக் கடையில் கணக்கு எழுதுகிறேன், கம்ப்யூட்டரில் டாலியில்தான் என்றாலும்.

எனவே நூறும் வேண்டாம், பத்தும் வேண்டாம், நேரில் போய்ப் பார்ப்போம் என்று ஒரு நாள் மதியம் ஒரு மணிநேரம் கடையில் சொல்லிவிட்டு அவன் பள்ளிக்கூடத் தெருவுக்குப் போனேன். சரக்கு இருப்பு எடுக்கிற மாதிரி ஒவ்வொன்றாக விலை கேட்டுக் குறித்துக்கொண்டேன். பள்ளிக்கு எதிரே ஒரு அக்கா வீட்டுத் திண்ணையில் சின்னதாக மெஸ் போட்டிருக்கிறார். சாம்பார் சாதம் 30, தயிர் சாதம் 25, ஆம்லெட் 15. நாலு கடை தள்ளி பப்ஸ் 20, சமோசா 10. தள்ளுவண்டியில் மாங்காய்க் கீற்று, கொய்யா 10, உப்பில் ஊறிய நெல்லிக்காய் 5. பெட்டிக்கடையில் சிப்ஸ் பாக்கெட்டுகள் தோரணம் கட்டித் தொங்கின. பள்ளி வாசலிலிருந்து 50 மீட்டருக்குள் உப்பும் கொழுப்பும் சர்க்கரையும் மிகுந்த பண்டங்களை விற்கக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2020-லேயே விதி போட்டிருக்கிறது. நான் அடி வைத்து எண்ணினேன். வாசலிலிருந்து சிப்ஸ் தோரணம் வரை முப்பத்தொரு அடி.

சாம்பார் சாதத்துக்கு 30, கொய்யாவுக்கோ சமோசாவுக்கோ 10. ஆக 40. வருஷத்துக்கு 210 நாள் பள்ளி என்று வைத்தால் 8400 ரூபாய். ஏறக்குறைய பத்து கேஸ் சிலிண்டர். எழுதிப் பார்த்ததும் கை கொஞ்சம் நின்றது. ஆனாலும் சரி என்றேன். ஜூன் 16 திங்கட்கிழமை முதல் காலையில் நாலு பத்து ரூபாய் நாணயம். நோட்டாகக் கொடுத்தால் மீதிச் சில்லறைக்குப் பதில் மிட்டாயைத் திணித்து அனுப்பிவிடுவார்கள், அதனால் நாணயம்.

அப்பா அவர் பங்குக்கு சிவப்பு அட்டை போட்ட ஒரு சின்ன நோட்டு வாங்கி வந்தார். பக்கத்தை நடுவில் மடித்து, இந்தப் பக்கம் வரவு, அந்தப் பக்கம் பற்று. மேலே பிள்ளையார் சுழி. "வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை எங்கிட்ட காட்டணும் அப்பு" என்றார். பேரனும் தலையை ஆட்டினான். ஐயா (தாத்தாவை அப்படித்தான் கூப்பிடுவான்) சொன்னால் கேட்பான், நான் சொன்னால்தான் வியாக்கியானம்.

நோட்டு அழகாக நிறைந்தது. வரவு 40. சாம்பார் சாதம் 30, கொய்யா 10. வரவு 40. சாம்பார் சாதம் 30, நெல்லிக்காய் 5, இருப்பு 5. அடித்தல் இல்லை, திருத்தல் இல்லை. ஐயாவுக்கு ஏகப் பெருமை. எனக்குத்தான் மூன்றாவது வாரத்தில் லேசாக உறுத்தியது. தினமும் சாம்பார் சாதமா? எங்கள் கடையில் ஒரே தொகை வரிசையாகப் பத்து நாள் வந்தால் நான் பில்லை எடுத்துப் பார்ப்பேன். ஆனால் பெற்ற பிள்ளையிடம் பில் கேட்பதா என்று விட்டுவிட்டேன்.

ஜூலை 8, செவ்வாய்க்கிழமை. பேங்குக்குப் போகிற வழியில் அந்தத் தெருவைத் தாண்டினேன். மெஸ் அக்கா வீட்டுத் திண்ணை காலி. சொந்தத்தில் ஏதோ சாவு, முந்தின நாளே ஊருக்குப் போய்விட்டாராம். சாயந்தரம் நோட்டை எடுத்துப் பார்க்கிறேன்: திங்கள், சாம்பார் சாதம் 30. செவ்வாய், சாம்பார் சாதம் 30.

எனக்கு வயிற்றைப் பிசைந்தது. பிள்ளை பட்டினி கிடக்கிறானா? காசை என்ன செய்கிறான்? நோட்டைப் புரட்டிக்கொண்டே போனால், கடைசிப் பக்கத்திலிருந்து தலைகீழாக இன்னொரு கணக்கு ஓடுகிறது. அதுதான் நிஜக் கணக்கு. பெயருக்குப் பதில் ஒற்றை எழுத்து. "மு – 10 – திங்கள். வெள்ளி 12 வந்தது." "கா – 20." "செ – 10 – 12 வந்தது."

உட்கார வைத்துக் கேட்டதில் ஒன்றொன்றாக வந்தது. முதல் வாரம் ஒழுங்காக மெஸ்ஸில் சாப்பிட்டிருக்கிறான். இரண்டாவது வாரம் ஒரு நாள் மழையில் தெருவைத் தாண்ட முடியாமல் சத்துணவு வரிசையில் நின்றிருக்கிறான். தக்காளி சாதமும் மிளகு முட்டையும். "நல்லா இருந்துச்சும்மா. ரெண்டாவது தடவையும் போட்டாங்க." அடுத்த நாளிலிருந்து அங்கேதான். வெட்கமெல்லாம் முப்பது ரூபாயைக் கண்டதும் பறந்துவிட்டது. பன்னிரண்டு நாள், நாள் ஒன்றுக்கு 30, மொத்தம் 360. அதை வைத்துப் பயலுகளுக்குக் கைமாற்று. திங்கட்கிழமை பத்து கொடுத்தால் வெள்ளிக்கிழமை பன்னிரண்டு.

ஜாமெட்ரி பாக்ஸைத் திறந்து கொட்டினான். 298 ரூபாய். வெளியே நிற்கிற அசல் 70. வந்த வட்டி 8. கணக்கு இடிக்கவில்லை, அதைச் சொல்லத்தான் வேண்டும்.

நான்கு நாளைக்கு இருபது சதவீதம். கந்துவட்டிக்கு எதிராக 2003-ல் சட்டமே போட்டிருக்கிறார்கள், இவன் அதற்கும் மேலே நிற்கிறான். அடிக்கவா சிரிக்கவா என்று தெரியவில்லை. சாப்பிட்டிருக்கிறான் என்ற நிம்மதி ஒரு பக்கம், இரண்டு வாரத்துக்கும் மேலாக என்னை ஏய்த்திருக்கிறான் என்ற கோபம் ஒரு பக்கம். அப்பா என்ன சொல்வார் என்று நோட்டை அவர் கையில் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பின்பக்கத்திலிருந்து நிதானமாகப் படித்தார். அப்புறம் கேட்ட முதல் கேள்வி:

"ஏப்பு, இதுக்கு ஈடு என்ன வாங்குன?"

"அப்பா!" என்று கத்திவிட்டேன்.

"இரும்மா. அந்தக் காலத்துல பர்மாவுல, ரங்கூன் மொகல் தெருவுல வட்டிக்கடை வச்சிருந்த செட்டியாருங்க மாசத்துக்கு ஒருக்கா கோயில்ல கூடி, ஊருக்கெல்லாம் ஒரே நடப்பு வட்டின்னு பேசி முடிவு பண்ணுவாங்க. உம்மவன் தனியா முடிவு பண்ணிட்டான்." சிரித்து முடித்தபிறகு குரல் மாறியது. "சத்துணவுல சாப்பிட்டது சரி. மிச்சம் பிடிச்சது சரி. சாப்பிடாத சாம்பார் சாதத்தைப் பற்றுல எழுதுன பாரு, அது தப்பு. எங்க முதலாளி வீடா இருந்தா அன்னைக்கே பொட்டியக் கட்டச் சொல்லியிருப்பாங்க." அப்போதுதான் அவன் அழுதான். நான் திட்டியபோது வராத கண்ணீர்.

அப்புறம் அந்த 290 யாருடையது என்ற வழக்கு. (வட்டி எட்டு ரூபாயை அந்தந்தப் பையன்களிடம் மறுநாளே திருப்பிக் கொடுக்கச் சொல்லிவிட்டேன், அதில் பேச்சே இல்லை.) எனக்கு அது வீட்டுக் காசு. அவன் சாப்பிடுவதற்காகக் கொடுத்தது, அவன் வேறு வழியில் சாப்பிட்டுவிட்டான், மீதி திரும்ப வேண்டும். அவன் கட்சி: "மிச்சம் பண்ணுனது நாந்தானே?" அதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. மிச்சத்தை எல்லாம் பிடுங்கிக்கொண்டால் நாளைக்கே நாற்பதையும் சிப்ஸாகத் தின்றுவிட்டு வருவான். மிச்சம் எல்லாம் அவனுக்கே என்றால் வயிற்றைக் காயப்போட்டு டப்பாவை நிரப்புவான். நான் தெருவில் விலை கேட்டுக் குறித்ததெல்லாம் சரி, இதை யோசிக்காமல் விட்டிருந்தேன். எவ்வளவு கொடுப்பது என்றே பார்த்தேன், மீதி யாருக்கு என்று பேசவே இல்லை.

அப்பாதான் வழி சொன்னார். அந்தக் காலத்தில் பர்மா, மலேயா வட்டிக்கடைகளுக்குப் பெட்டியடிப் பையனாக, அதாவது தொழில் பழகும் எடுபிடியாக, இங்கிருந்து சின்ன வயதிலேயே கப்பல் ஏறுவார்கள். மூன்று வருஷக் கணக்கு. அவர்களுக்குச் சாப்பாடு கடைச் செலவு, சம்பளம் தனி. "சாப்பாட்டையும் சம்பளத்தையும் ஒண்ணாக் கொடுத்தா பய பட்டினி கிடந்து ஊருக்குக் காசு அனுப்புவான். அதான் ரெண்டையும் கலக்கிறதில்ல. கடையை நடத்துற மேலாளுக்கு மட்டும் கணக்கு முடிக்கையில லாபத்துல ஒரு பங்கு."

அப்படியே பிரித்தோம். சாப்பாடு வீட்டுச் செலவு: சத்துணவு, அல்லது என் டப்பா. மெஸ்ஸில் சாப்பிட ஆசை வந்தால் முந்தின நாள் ராத்திரி சொல்ல வேண்டும், அன்றைக்கு மட்டும் முப்பது. அவன் கைக்குத் தினம் பத்து, தின்பண்டத்துக்கு. சத்துணவு சாப்பிட்ட நாளில் அவன் பங்காக ஐந்து. ஆகப் பதினைந்து, வருஷத்துக்கு 3150. பழைய 290-ல் இருநூறு வீட்டுக்கு, தொண்ணூறு அவனுக்கு. கைமாற்று கொடுப்பதாக இருந்தால் வட்டி கிடையாது. வீட்டுக்காரரிடம் போனில் சொன்னபோது இரண்டு நிமிஷம் விடாமல் சிரித்தார். "பேசாம அவனை இங்க அனுப்பு, நான் ஊருக்கு வந்துடுறேன்" என்றார்.

முன்பக்கப் பொய்களை எல்லாம் சிவப்பு மையால் அடித்து, பக்கத்தில் "சத்துணவு – 0" என்று எழுத வைத்தோம். பன்னிரண்டு தடவை. அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

வெளியே நின்ற எழுபதில் அறுபது வந்துவிட்டது. ஒரு பையன் மட்டும் பத்து ரூபாய் தர முடியவில்லை, அவன் வீட்டில் தினக்காசு என்ற பேச்சே இல்லையாம். வாராக் கடன் என்று எழுதி முடித்துவிடு என்றேன். "பர்மாவுல நெல்லு விலை விழுந்து, கடனுக்கு ஈடா நிலத்தை வாங்கி, ஜப்பான்காரன் வரவும் அதையும் விட்டுட்டு நடந்தே வந்தவங்க எத்தனை பேரு. பத்து ரூவாதானே, விடு அப்பு" என்று அப்பாவும் சொன்னார். தலையை ஆட்டினான்.

நேற்று வெள்ளிக்கிழமை. நோட்டில் புதிதாக ஒரு வரி: "கா – முட்டை 1 – வரவு 6. பாக்கி 4." அந்தப் பையன் தன் சத்துணவு முட்டையைக் கொடுத்துக் கடனைக் கழிக்கிறான். ஆறு ரூபாய் என்று எப்படிப் போட்டாய் என்றால், ஐயா வாங்கும் பேப்பரில் நாமக்கல் விலையைப் பார்த்து, கொஞ்சம் கூட்டியே போட்டானாம், பாவம் என்று.

திங்கட்கிழமை இரண்டு முட்டை அவித்துக் கொடுத்துவிட வேண்டும், அந்தப் பையனுக்கு. அதை எந்தப் பக்கத்தில் எழுதுவது என்று இவன் இப்போதே கேட்கிறான்.