டோக்கியோவில் சோறு பிசையச் சொன்ன கடை

டோக்கியோ போன மூன்றாம் நாளே சோறும் குழம்பும் தேட ஆரம்பித்துவிட்டேன். ராமென், சோபா, சூஷி எல்லாமே ருசித்துத்தான் சாப்பிட்டேன், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனாலும் மார்த்தாண்டத்தில் வளர்ந்தவனுக்கு, சோற்றில் குழம்பை ஊற்றிப் பிசையாமல் சாப்பாடு முடிந்த மாதிரியே இருக்காது.

தங்கியிருந்த இடத்துக்குப் பக்கத்திலேயே இந்தியக் கொடி தொங்கிய ஒரு கடை இருந்தது. டோக்கியோவில் பல ரயில் நிலையங்களின் வாசலில் இப்படி ஒன்றைப் பார்க்கலாம். நடத்துகிறவர்கள் பெரும்பாலும் நேபாளிகள். மதிய செட் என்று கேட்டால் ஆரஞ்சு நிற டிரெஸ்ஸிங் ஊற்றிய சாலட், தட்டுக்கு வெளியே நீளும் பெரிய நான் ரொட்டி, சின்னக் கிண்ணத்தில் கறி. அன்பாகத்தான் பரிமாறினார்கள். ஆனால் ரொட்டி இனித்தது, கறியும் இனித்தது. எண்ணெயில் மசாலா வதங்கிய வாசனை துளியும் இல்லை. பாதியில் எழுந்துவிட்டேன்.

சனிக்கிழமை நிஷி-கசாய் போனேன். எதொகாவா வட்டாரத்தில் இருக்கிற அந்தப் பகுதியில் நம்மூர் ஐ.டி. ஆட்கள் நிறையப் பேர் குடும்பத்தோடு இருக்கிறார்கள். என் கல்லூரி நண்பனும் அங்கேதான். அவன் கூட்டிப்போன தென்னிந்தியக் கடையில் சாம்பார், ரசம், பொரியல், அப்பளம் எல்லாம் சரியாக இருந்தன. பக்கத்து மேசையில் இரண்டு ஜப்பானிய இளைஞர்கள் "மீருசு" என்று ஆர்டர் சொன்னார்கள். நம் மீல்ஸ்தான்! ஜப்பானிய மொழியில் அந்தச் சொல் அப்படியே குடியேறிவிட்டது. ரசத்தை "ரஸ்ஸமு" என்கிறார்கள். நம்மூர் ஓட்டல் போர்டில் எழுதியிருக்கும் சொல் இவ்வளவு தூரம் வந்திருப்பதைக் கேட்டு எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

"இது நம்ம ஆளுவளுக்கான கடை மக்கா. இந்த ஊருக்காரங்க நம்ம கறியை எங்க சாப்பிடப் பழகுனாங்கன்னு பாக்கணும்னா ஷின்ஜுகுவுக்கும் கின்ஸாவுக்கும் போ" என்றான் நண்பன்.

ஷின்ஜுகுவில் நகமுரயா. அடிப்படையில் அது ஒரு ரொட்டிக்கடை, 1901இல் தொடங்கியது. டெல்லியில் வைஸ்ராய் ஹார்டிங் மீது 1912இல் குண்டு வீசப்பட்ட வழக்கில் தேடப்பட்ட விடுதலைப் போராளி ராஷ் பிஹாரி போஸ், 1915இல் ஜப்பானுக்குத் தப்பி வந்தார். பிரிட்டனின் நெருக்கடியால் ஜப்பான் அரசு அவரை வெளியேறச் சொன்னது. அப்போது நகமுரயாவை நடத்திய சோமா தம்பதிதான் கடைக்குப் பின்னால் இருந்த கட்டடத்தில் அவரை ஒளித்து வைத்தார்கள். பிடிபட்டால் தங்களுக்கும் ஆபத்து என்று தெரிந்தேதான். 1918இல் தங்கள் மகள் தோஷிகோவையும் அவருக்கு மணமுடித்துக் கொடுத்தார்கள். 1925இல் தோஷிகோ இறந்துபோனார். அதற்கு இரண்டு வருடம் கழித்து, 1927இல், நகமுரயா சிற்றுண்டிப் பகுதி திறந்தபோது போஸ் சொல்லிக்கொடுத்த கோழிக்கறி அங்கே விற்பனைக்கு வந்தது. மற்ற கடைகளில் மாவு கலந்து கெட்டியாக்கிய கறி 10, 12 சென்னுக்குக் (நூறு சென் ஒரு யென்) கிடைத்த காலத்தில் இதன் விலை 80 சென். அப்படியும் விற்றது.

இப்போது அந்த உணவகம் நகமுரயா கட்டடத்தின் நிலத்தடித் தளத்தில் இருக்கிறது. எலும்போடு வெந்த கோழி, வெங்காயத்தின் மெல்லிய இனிப்பு, சோறு தனி, கறி தனி. காரம் குறைவு. ஆனால் முதல் வாயிலேயே வதக்கிய மசாலாவின் வாசனை வந்தது, நான் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன். சுற்றியிருந்தவர்கள் கரண்டியின் பாதியில் சோறும் பாதியில் கறியுமாக எடுத்து, கலக்காமல் சாப்பிட்டார்கள். இங்கே பலருக்கும் பழக்கம் அதுதான். நானும் அப்படியே சாப்பிட்டேன். நல்ல கறி, சந்தேகமே இல்லை. கைதான் சும்மா இருக்க மாட்டேன் என்றது.

அப்புறம் கின்ஸா. கபுகி நாடக அரங்கத்துக்குக் கிட்டத்தில், சின்னதாக, நாயர் உணவகம். ஏ.எம். நாயர் 1949இல் தொடங்கியது. கியோட்டோவில் பொறியியல் படிக்க வந்து, பிரிட்டிஷாருக்கு எதிரான வேலையில் ராஷ் பிஹாரி போஸோடு சேர்ந்து நின்றவர் அவர். போஸ் 1943இல் சிங்கப்பூரில் நேதாஜியிடம் ஒப்படைத்த இந்திய விடுதலை இயக்கத்தில்தான் மலேயாத் தோட்டத் தமிழர்கள் ஆயிரக்கணக்கில் சேர்ந்தார்கள். போர் முடிந்து, நாடும் விடுதலையான பிறகு, நாயர் டோக்கியோவில் ஒரு சாப்பாட்டுக் கடை போட்டார்.

நாயரின் சொந்த ஊர் நெய்யாற்றின்கரை. மார்த்தாண்டத்திலிருந்து திருவனந்தபுரம் போகிற பஸ், களியக்காவிளை தாண்டியதும் அந்த ஊர் வழியாகத்தான் போகும். எத்தனையோ தடவை ஜன்னலோரம் உட்கார்ந்து கடந்திருக்கிறேன். அவர் பிறந்த காலத்தில் எங்கள் ஊரும் அதே திருவிதாங்கூர்தான். அந்த வாசலில் நின்றபோது கண் கலங்கியதைச் சொல்வதில் எனக்கு வெட்கமில்லை.

உட்கார்ந்ததுமே, "முருகி லஞ்ச்தானே?" என்று கேட்டார் பரிமாறுகிறவர். முர்கி என்றால் இந்தியில் கோழி, அதுதான் இங்கே முருகி ஆகியிருக்கிறது. தட்டு வந்தது. மஞ்சள் சோறு, வெகுநேரம் கொதித்துக் குழைந்த முழுக் கோழித்தொடை, மசித்த உருளைக்கிழங்கு, வேகவைத்த முட்டைக்கோஸ், மேலே குழம்பு. அவர் கரண்டியும் முள்கரண்டியும் எடுத்து, என் கண்முன்னாலேயே எலும்பை உருவினார். இரண்டே இழுப்பு. சதை ஒட்டாமல் சோற்றில் உதிர்ந்தது. எலும்பை எடுத்துக்கொண்டு, "மஸேதே, மஸேதே" என்றார். கலந்து சாப்பிடுங்கள் என்று அர்த்தம். எல்லாவற்றையும், நன்றாக.

பக்கத்தில் இருந்த ஜப்பானியப் பாட்டி ஒருவர், நாடகத்துக்குப் போகிறவர் போல அழகாகக் கிமோனோ உடுத்தியிருந்தார். கோஸ், கிழங்கு, கோழி, சோறு எல்லாம் ஒன்றாகிற வரை பொறுமையாகக் கரண்டியால் கலந்துகொண்டிருந்தார். சோறும் கறியும் ஒன்றையொன்று தொடாமல் சாப்பிடுகிற ஊரில், இந்த ஒரு கடை எழுபது வருடத்துக்கு மேலாக எல்லோரையும் பிசைய வைத்திருக்கிறது.

நானும் கலந்தேன். மிளகும் கிராம்பும் முன்னால் வந்தன, காரம் கொஞ்சம் தாமதித்துத் தொண்டையில் ஏறியது. கோஸின் தண்ணீர்ச் சுவை அந்தக் காரத்தைத் தணித்தது. நான்கு வாய் கரண்டியால் சாப்பிட்டுவிட்டு, பரிமாறுகிறவரைப் பார்த்து வலது கையைத் தூக்கிக் காட்டினேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. உள்ளே போய் இன்னொரு ஈரத்துண்டை எடுத்து வந்து தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, கரண்டியை எடுத்துக்கொண்டு போனார்.