பைக்குக்குத் தனி ஜிபிஎஸ் வேண்டுமா? மளுக்கப்பாறை மழையில் ஒரு பஞ்சாயத்து

பைக் ஹேண்டிலில் மாட்ட அரை லட்சத்துக்கு ஒரு ஜிபிஎஸ் கருவி தேவையா என்று யார் கேட்டாலும் வேண்டாம் என்றுதான் சொல்லி வந்தேன். இப்போதும் அதையே சொல்வேன். ஆனால் கோவையிலிருந்து வால்பாறை, கேரள எல்லையில் இருக்கும் மளுக்கப்பாறை வழியாகச் சாலக்குடி போய்விட்டு நேற்று இரவுதான் திரும்பினேன். மழையில் என் போன் அடித்த கூத்தில் அந்த ‘வேண்டாம்’ கொஞ்சம் ஆடித்தான் போயிருக்கிறது.

ஆழியாறு வரை சொல்ல ஒன்றுமில்லை. வால்பாறைக்கு ஏறும் 40 கொண்டை ஊசி வளைவுகளுக்கு மேப்பே தேவையில்லை, இருப்பது ஒரே ரோடு. மளுக்கப்பாறைக்குக் கொஞ்சம் முன்னால் மழை பிடித்தது. போனின் தொடுதிரைக்கு விரலுக்கும் மழைத்துளிக்கும் வித்தியாசம் தெரியாது. மேப் தானாகப் பெரிதானது, சுருங்கியது, வழியை ரத்து செய்தது, கடைசியில் என் மேனேஜருக்கு போன் போட்டது. ஞாயிற்றுக்கிழமை காலையில்! பிளாஸ்டிக் உறைக்குள் போட்டால் உள்ளே ஆவி படிந்து எதுவும் தெரியவில்லை.

கூட வந்த நண்பன் வெளிநாட்டிலிருந்து வரவழைத்த கருவியை மாட்டியிருந்தான். கிளவுஸைக் கழற்றாமலே திரையைத் தட்டிவிட்டு, “என்னடா, உன் போனுக்கு ஜலதோஷமா?” என்றான். எரிச்சலாக வந்தது. அவன் சொன்னது நியாயம்தான் என்பதால் கூடுதல் எரிச்சல்.

கருவிக்குக் கொடுக்கும் காசு எதற்கு என்பது அங்கேதான் புரிந்தது. கார்மின் ஸூமோ எக்ஸ்டி என்ற மாடலை எடுத்துக்கொண்டால், 5.5 அங்குலத் திரை, உச்சி வெயிலிலும் படிக்கிற வெளிச்சம், கிளவுஸோடு தொட்டாலும் வேலை செய்யும். ஐபிஎக்ஸ்7 தரம், அதாவது ஒரு மீட்டர் தண்ணீரில் அரை மணி நேரம் கிடந்தாலும் தாங்கும். இதே வகையான டாம்டாம் ரைடர் 550-க்குத் திரை 4.3 அங்குலம்தான். எல்லாம் சரி, அந்தக் காசுக்கு நான் ஒரு வருஷம் பெட்ரோல் போட்டுவிடுவேன்.

“டவர் இல்லாத காட்டில் என்ன பண்ணுவ?” என்று கேட்பார்கள். செயற்கைக்கோள் சிக்னலுக்கு டவர் தேவையில்லை, வரைபடத்தை இறக்கத்தான் இன்டர்நெட் வேண்டும். வீட்டிலேயே வைஃபையில் ஆர்கானிக் மேப்ஸ், ஆஸ்மண்ட் மாதிரி ஒரு மேப் ஆப்பில் தமிழ்நாடு, கேரளா இரண்டையும் இறக்கி வைத்துவிட்டால் போதும். மளுக்கப்பாறை செக்போஸ்ட்டில் வண்டி எண்ணையும் நேரத்தையும் குறித்துக்கொண்டு விட்டார்கள். வாழச்சால் வரை முழுக்கக் காடு, பெரும்பாலும் சிக்னல் கிடையாது. மழை விட்டதும் என் போன் அங்கே ஒழுங்காகவே வழி காட்டியது.

இன்னொரு பயம் கேமரா. பைக் இன்ஜின் அதிர்வு ஐபோன் கேமராவைக் கெடுக்கலாம் என்று 2021-இல் ஆப்பிளே எச்சரித்தது. லென்ஸை அசைத்து நடுக்கத்தைச் சரிசெய்யும் நுட்பம் உள்ள எந்த போனுக்கும் இந்த ஆபத்து உண்டு. அதனால் கையில் இருக்கும் நல்ல போனை ஹேண்டிலில் மாட்டாதீர்கள். டிராயரில் தூங்கும் பழைய போனை எடுங்கள், அதிர்வு தாங்கும் ரப்பர் வைத்த மவுன்ட்டுக்கு மட்டும் காசைப் பார்க்காதீர்கள்.

அடுத்து சார்ஜர் கதை. பொள்ளாச்சியில் ஒரு கடையில் ஹேண்டிலில் மாட்டும் யூஎஸ்பி சார்ஜருக்கு 1,200 ரூபாய் வாங்கினார்கள். கோவையில் அதே சாமான் 450. கேட்டால், “இது ஒரிஜினல்ண்ணா.” அந்த ஒரிஜினல் முதல் மழையிலேயே செத்தது. ரப்பர் மூடி இருக்கிறதா, வயர் சாவி போட்டால்தான் கரன்ட் வருகிற மாதிரி இணைக்கப்பட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். இல்லாவிட்டால் இரவோடு இரவாகப் பேட்டரி இறங்கிவிடும்.

எரிச்சலெல்லாம் சாலக்குடியில் தீர்ந்தது. ரோட்டோர ஓட்டலில் ஆவி பறக்கும் கப்பா (மரவள்ளிக்கிழங்கு), குடம்புளி போட்ட சிவப்பு மீன் கறி. நனைந்த ஜாக்கெட்டோடு உட்கார்ந்து, நாக்கு எரிய எரிய, இரண்டாவது தட்டும் வாங்கினோம். விலை சார்ஜரில் கால் பங்குகூட இல்லை. இதற்காகவே இன்னொரு முறை நனையலாம்.

ஸ்கூட்டர்காரர்களை மறந்துவிட்டேன். 2018-இல் வந்த டிவிஎஸ் என்டார்க்கிலேயே ப்ளூடூத்தில் திருப்பம் காட்டும் வசதி இருந்தது. ராயல் என்ஃபீல்டின் ட்ரிப்பரும் அந்த வகைதான்: சின்ன வட்டத் திரையில் அம்புக்குறி, மூளை மட்டும் பாக்கெட்டில் இருக்கும் போனில். மழைக்கு இதுவே சுகம், போன் நனையவே நனையாது. புது வண்டி வாங்குகிறவர்கள் முதலில் இதைக் கேளுங்கள்.

லடாக் போகிறவர்கள் கவனிக்க: வெளிமாநில ப்ரீபெய்டு சிம் அங்கே வேலை செய்யாது, போஸ்ட்பெய்டு வேண்டும். ஆஃப்லைன் மேப் இல்லாமல் கிளம்பாதீர்கள். மாதக்கணக்கில் அந்தப் பக்கம் சுற்றப் போகிறீர்கள், கையில் காசும் இருக்கிறது என்றால் தனிக் கருவி வாங்குங்கள், தடுக்க மாட்டேன். ஆனால் கார்மின் இன்ரீச் மாதிரி செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் கருவியை அதோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். சிக்னலை வாங்க மட்டும் செய்யும் ஜிபிஎஸ்ஸுக்குத் தடையில்லை. செய்தி அனுப்புகிற கருவியை அனுமதியில்லாமல் இந்தியாவில் வைத்திருப்பது குற்றம். தெரியாமல் கொண்டுவந்த வெளிநாட்டுப் பயணிகள் விமான நிலையத்திலேயே பிடிபட்டிருக்கிறார்கள். வெளிநாட்டிலிருந்து மச்சான் வாங்கி வருகிறார் என்றால், மாடல் பெயரைச் சரியாகச் சொல்லி அனுப்புங்கள்.