வாழைக்குழி

பர்மாவுல பெகு பக்கம் சித்திரையில கிணறு தரை தட்டும். ஆடியில முற்றத்துலயே தூண்டில் போடலாம். இந்த ரெண்டையும் சமாளிக்கணும்னா சின்னத் தோட்டக்காரங்களுக்கு நான் முதல்ல சொல்றது வாழைக்குழிதான்.

ரெண்டு மீட்டர் அகலம், ஒரு மீட்டர் ஆழம். தோண்டின மண்ணைச் சுத்திலும் வரப்பாப் போட்டு, அதுல நாலஞ்சு வாழைக்கன்னு, நடுநடுவுல சேம்பு. குழிக்குள்ள வைக்கோல், காஞ்ச மட்டை, காய்கறித் தோல். பாத்திரம் கழுவின தண்ணியையும் அதுலயே விடலாம், எண்ணெய்ப் பிசுக்கு மட்டும் வேண்டாம். குவியலா, மேடு தட்டி நிக்கணும். பாதிக் குழியா விட்டா தண்ணி தேங்கிக் கொசுதான் விளையும். ஈரக்கழிவு மேல வைக்கோல் மூடலேன்னா எலி விருந்துக்கு வந்துடும்.

1970கள்ல ஆஸ்திரேலியாவுல பில் மொலிசனும் டேவிட் ஹோம்கிரெனும் இயற்கையோட போக்குல தோட்டத்தை வடிவமைக்கிற முறைக்கு பெர்மாகல்ச்சர்னு பேர் வச்சாங்க, அதுல இதுவும் சேர்த்தி.

வேலியோரம் துவரை போடுங்க. வேர் முடிச்சுல இருக்கிற நுண்ணுயிர் காத்துல உள்ள நைட்ரஜனைப் பிடிச்சுக் கொடுக்கும், கவாத்து பண்ணின தழை மண்ணை மூடுற மூடாக்காகும். புளிச்சக்கீரை கேக்காமலே வரும். எங்க அத்தை பருப்போட கடைவாங்க, பக்கத்து வீட்டு பர்மாக்கார அம்மா மூங்கில் குருத்தும் இறாலும் போட்டு வதக்குவாங்க. என் ஓட்டு பக்கத்து வீட்டுக்கு (அத்தை முகநூல்ல இல்ல).

தார் வெட்டினா தண்டு மொயிங்காவுக்கு (பர்மாக்காரங்க மீன் குழம்புல போடுற நூடுல்ஸ்), மட்டை திரும்பக் குழிக்கு. கன்னு வேணும்கிறவங்க மழை பிடிக்கிறதுக்குள்ள வந்து எடுத்துக்கோங்க, சாக்கு நீங்களே கொண்டு வரணும்.