எந்த வளைவு?

“அந்த வளைவுல எடுக்காதுங்க சார்.”

கோத்தகிரி ரோட்டில் எஸ்டேட் வயர்லெஸ் எங்கெல்லாம் எடுக்கும் என்ற அறிக்கையைக் கொடுப்பதற்கு முந்தைய நாள் மதியம் டெக்னீஷியன் அண்ணன் இப்படிச் சொன்னார். நான் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “சிமுலேஷன்ல பார்த்தாச்சுண்ணா. பத்து லட்சம் பிட்டுக்கு ஒண்ணுதான் தப்பு வருது” என்றேன். “சரிங்க சார்” என்று போய்விட்டார்.

சிமுலேஷனை, அதாவது கம்ப்யூட்டரில் போலியாக ஓட்டிப் பார்ப்பதை, சீக்கிரம் முடித்த வேகத்தில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது. பத்து லட்சத்தில் ஒன்று என்ற பிழையை நம்பும்படி அளக்க 100 பிழையாவது கண்ணில் பட வேண்டும். அதற்குப் பத்து கோடி பிட் ஓட்ட வேண்டும், அதுவும் ஒவ்வொரு இடத்துக்கும். ஆபீஸ் கம்ப்யூட்டருக்கு அது ஆகிற காரியமில்லை. அதனால் சிக்னலோடு கலந்து பிட்டைக் கெடுக்கும் இரைச்சலை வேண்டுமென்றே ஊதிப் பெருக்கினேன். பிழைகள் கொட்டும். நாம் எத்தனை மடங்கு பெருக்கினோமோ அதற்கேற்ற எடையை ஒவ்வொரு பிழைக்கும் போட்டு நிஜ அளவுக்குக் கொண்டுவந்துவிடலாம். இருபதாயிரம் பிட்டில் வேலை முடிந்தது. முறையில் தப்பே இல்லை, இன்றைக்கும் சொல்வேன்.

ஆனால் மலையில் இரைச்சலா பிரச்சினை? சிக்னலே மேட்டுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்கிறது. வெறும் இரைச்சல் என்றால், பாடப்புத்தகக் கணக்கில், லட்சத்தில் ஒரு பிழைக்குச் சிக்னல் இரைச்சலைவிட 9.6 டெசிபல் மேலே இருந்தால் போதும். சிக்னல் ஏறி இறங்கும் ரேலே ஃபேடிங்கில் அதே தரத்துக்கு 44 டெசிபல் வேண்டும். பெருக்கியிருக்க வேண்டியது அந்த இறக்கங்களை. நானோ, தூரம் போகப் போகச் சிக்னல் எவ்வளவு குறையும் என்று சொல்லும் ஹாட்டா சூத்திரத்தில் வந்த சராசரியை வைத்து ஓட்டிவிட்டேன். டோக்கியோ பக்கம் அளந்ததிலிருந்து பிறந்த சூத்திரம் அது. கோத்தகிரி ரோட்டுக்கு!

சரி, பத்து கோடி பிட்டையும் முழுசாக ஓட்டியிருந்தாலும் இதே பதில்தான் வந்திருக்கும். அப்படியானால் குறுக்குவழியைக் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் மெதுவாக ஓடியிருந்தால், காத்திருந்த நேரத்தில் அண்ணனோடு ஜீப்பில் ஒரு நடை போயிருப்பேனோ? போயிருக்க மாட்டேன் என்றுதான் நினைக்கிறேன்.

ஐப்பசி மழையில் ரோட்டில் மரம் விழுந்து, குஞ்சப்பனைக்கு மேலே எஸ்டேட் ஜீப் மாட்டிக்கொண்டது. வயர்லெஸ் எடுக்கவில்லை. டிரைவர் இருட்டில் நனைந்துகொண்டே நடந்து வந்து தகவல் சொன்னார். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அண்ணன் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

அடுத்த வாரம் ஃபேடிங்கைப் பெருக்கி மறுபடி ஓட்டினேன். ஒரு வளைவு, சிக்னல் எடுக்காது என்று, நல்ல சிவப்பாக வந்தது. பிரிண்ட் எடுத்துக்கொண்டு போய், “நீங்க சொன்னது சரிதாண்ணா” என்று காட்டினேன்.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். “இது எந்த வளைவுங்க சார்? நான் சொன்னது இதுக்கு ரெண்டு வளைவு கீழ.”

அங்கே என் வரைபடம் பச்சையாக இருந்தது. நான் வைத்திருந்த நிலப்பரப்புத் தரவு 90 மீட்டர் கட்டம், ஒரு கட்டத்துக்கு ஒரே உயரம்தான். முழு வளைவும் ஒரே கட்டத்துக்குள் அடங்கிவிடும்.